பரணில் இருப்பதெல்லாம் படியேற வேண்டுமா?

நாகேஸ்வரராவ் பூங்கா வாசலில் ஞாயிறு காலை கூடும் போகிமான் கூட்டத்துக்கு,

உங்களில் பெரும்பாலோர் என்னை அக்கா என்று கூப்பிடுகிறீர்கள். இரண்டு பேர் மட்டும் ஆன்ட்டி என்கிறீர்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன். போன வாரம் அருகம்புல் ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லா போகிமானும் எல்லா கேம்லயும் இருந்தே ஆகணுமா என்ன?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டீர்கள். அடையாறிலிருந்து வரும் தம்பி ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். என்னைப் பேசி முடிக்க விடவில்லை. அதனால் இந்த மடல். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

பழைய காயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2019 ஜூனில், சோர்டு-ஷீல்டு வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, அதன் தயாரிப்பாளர் ஜூனிச்சி மசுதா ஒரு செய்தி சொன்னார். அதுவரை வந்த எல்லா போகிமானையும் புது ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. தேர்ந்தெடுத்த சிலதான் வரும். அப்போதே எண்ணிக்கை 800ஐத் தாண்டியிருந்தது. நவம்பரில் ஆட்டம் வந்தபோது உள்ளே இருந்தவை 400. உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். அதற்கு 'டெக்ஸிட்' என்று பெயர் வைத்து, முழுப் பட்டியலான நேஷனல் டெக்ஸைத் திருப்பிக் கொடு என்று கோஷம் போட்டார்கள். உங்கள் கோபமும் அந்தக் கோபத்தின் மயிலாப்பூர் கிளைதான்.

நான் குடியிருக்கும் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு மாமி இருக்கிறார். வருஷா வருஷம் புரட்டாசியில் அவர் வீட்டுப் பரணிலிருந்து மூன்று இரும்புப் பெட்டிகளை இறக்கிக் கொடுப்பது என் வேலை. உள்ளே பழைய வேட்டித் துணியிலும் நியூஸ்பேப்பரிலும் சுற்றிய பொம்மைகள். தசாவதாரம் ஒரு செட், கல்யாண செட் ஒன்று, மளிகைக் கடை போட்டுக்கொண்டு தொந்தியோடு உட்கார்ந்திருக்கும் செட்டியார், அவர் பாட்டி காலத்து மரப்பாச்சி ஜோடி. மொத்தம் முந்நூறாவது இருக்கும். படியில் ஏறுவது நூறுகூட இல்லை. வடக்கு மாட வீதிக்குப் போய் அந்த வருஷத்துக்குப் புதிதாக ஒரு பொம்மையும் வாங்கி வருவார். அதற்கு இடம் வேண்டுமே, போன வருஷம் மூன்றாம் படியில் இருந்த யாரோ பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுவார்கள். "எல்லாத்தையும் வெச்சுடலாமே மாமி, இன்னும் ரெண்டு படி கட்டினா போச்சு" என்று ஒரு முறை கேட்டேன். "எல்லாத்தையும் வெச்சா அது கொலு இல்லடி, கடை" என்றார்.

டெக்ஸிட்டைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெட்டிக்குள் போன பொம்மையை மாமி தூக்கியா எறிந்துவிட்டார்? 2020 பிப்ரவரியில் போகிமான் ஹோம் என்று ஒன்று வந்ததே, அதுதான் இவர்களுடைய பரண். பழையதெல்லாம் அங்கே பத்திரமாகத் தூங்குகிறது. அதே வருஷம் வந்த இரண்டு கூடுதல் பகுதிகளில் பல பழைய முகங்கள் திரும்பிப் படியேறின. இப்போது எண்ணிக்கை 1,025. ஒவ்வொன்றுக்கும் நடக்க, அடிக்க, அடி வாங்க, தூங்க, சாப்பிடச் சொல்லித்தர வேண்டும். அதைச் செய்யும் கேம் ஃப்ரீக், போகிமான் சாம்ராஜ்யத்தோடு ஒப்பிட்டால் சின்னக் கம்பெனி. எனக்கு 400 போதும், உயிரோடு இருந்தால். அந்த 400ம் உயிரோடு இருந்தனவா என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். ஆட்டம் சுமார்தான். ஆனால் அது வேறு சண்டை.

'எல்லாவற்றையும் பிடி' என்ற கோஷத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டதில்தான் நம் கூட்டத்தின் கோளாறு என்று நினைக்கிறேன். 1998இல் அமெரிக்கச் சந்தைக்காகப் பிடித்த விளம்பர வரி அது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1996 பிப்ரவரி 27 அன்று, ஜப்பானில் ரெட், கிரீன் என்று இரண்டு கேட்ரிட்ஜாக வந்த ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கேட்ரிட்ஜை மட்டும் வைத்துக்கொண்டு 150ஐயும் சேர்க்கவே முடியாது. சில ரெட்டில் மட்டும், சில கிரீனில் மட்டும். முதலில் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம், புதைபடிவம் இரண்டில் ஒன்றுதான். கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹாண்டர் நான்கும் இன்னொருத்தர் கைக்கு மாறினால்தான் அடுத்த உருவம் எடுக்கும். தனியாளால் ஆகாது என்பதை ஆட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்பினார்கள்.

இதை யோசித்த சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். டோக்கியோவின் மேற்குப் புறத்தில் உள்ள மச்சிதாவில் வளர்ந்தார். அவர் பூச்சி பிடித்த குளங்களையும் வயல்களையும் மூடி வீடு கட்டினார்கள். பின்னால் இரண்டு கேம்பாயை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியாகப் பூச்சிகள் ஊர்ந்து இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவதுபோல அவருக்குத் தோன்றியதாம். கேபிள்தான் முதலில் வந்தது, போகிமான் அதற்கு அப்புறம்.

என் அப்பாவுக்கு போகிமான் என்றால் மஞ்சள் எலி என்பதற்கு மேல் தெரியாது. ஆனால் ஊரில் அவர் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர். கொடுக்காப்புளி இலையைக் கிள்ளி உள்ளே போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், பின்பெஞ்சில் தீப்பெட்டியைப் பாதி திறந்து காட்டுவார்களாம். ஒரு முறை பச்சை மினுக்கும் பெரிய வண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு முட்டை வைத்திருந்த சின்ன வண்டை வாங்கி வந்தாராம். வீட்டில் அத்தை, "நல்லதைக் கொடுத்துட்டு நோஞ்சானை வாங்கிட்டு வந்திருக்கே" என்று திட்டினாராம். எழுபது வயதில் அதைச் சொல்லும்போது அவர் கையில் இப்போதும் தீப்பெட்டி இருப்பதுபோல விரலைக் குவிப்பார். எல்லா வண்டும் தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாகச் சொல்லிக் கேட்டதில்லை. எதிரே ஒரு பையன், அவன் கையில் ஒரு தீப்பெட்டி. வேறு எதுவும் அந்தக் கதையில் கிடையாது.

அடுத்தது உங்களுக்கு இன்னும் கசக்கும். முதல் 151தான் உசத்தி, அப்புறம் வந்ததெல்லாம் சரக்குத் தீர்ந்தபின் போட்டது என்று நம்மில் முப்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது வாபஸ் வாங்குகிறேன். நாம் அந்த 151ஐ ஒழுங்காக ஆடவே இல்லை.

2005 வாக்கில் தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. 2003லிருந்தே கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்துப் பார்த்து வெறி ஏறியிருந்தது. சிப்ஸ் பாக்கெட்டில் வரும் டாசோவுக்காகத் தின்ற சிப்ஸுக்குக் கணக்கில்லை. கேம்பாய் யாரிடம் இருந்தது? துபாயில் மாமா உள்ளவர்களிடம் இருந்தது. மற்றவர்களுக்கு சிடிதான். அண்ணன் ஒருநாள் ஒரு சிடியோடு வந்தான், மேலே மார்க்கரில் 'கேம்ஸ் 2' என்று எழுதியிருந்தது. உள்ளே எமுலேட்டரும், முதல் ரெட்டின் மறு ஆக்கமான ஃபயர்ரெட்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்தும். அது சாவதற்குள் சேவ் பண்ண வேண்டும். லாவெண்டர் டவுன் கோபுரத்தில் ஒரு ஹாண்டரைப் பிடித்தேன். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும் குணத்துக்காக அதற்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்தேன். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, பத்துக்குள் அடங்கியது.

பெரியம்மா கடைசி வரை ஹாண்டராகவே இருந்தது. லெவல் 70 தாண்டியும் அடுத்த உருவமான ஜெங்காராகவில்லை. ஏன் என்று எனக்குப் பல மாதம் தெரியாது, சிடி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். கேபிள் வேண்டும், எதிரே இன்னொரு ஆள் வேண்டும் என்று பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டபோது வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கேபிளைச் செருகுவதற்கு ஒரு கம்ப்யூட்டரில் எங்கே ஓட்டை? முதல் ஆட்டம் நடக்கும் நிலம் கான்டோ; இந்த ஊரில் நம் தலைமுறை ஆடியது பாதிக் கான்டோ. பரிமாற்றம் என்ற பாதியை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தனியாக ராத்திரியில் ஆடினோம். அதை வைத்துக்கொண்டு 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று இளசுகளிடம் பெருமை அடிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

உருவங்களைப் பற்றிய பேச்சும் இதே ரகம். 2010இல் வந்த பிளாக்-ஒயிட்டில் குப்பைப் பை ஒன்று போகிமானாக வந்ததற்கு இன்னும் சிரிக்கிறீர்கள். ட்ரப்பிஷ். குப்பைப் பையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து உயிர் வந்த ஜந்து. சரி, முதல் 151இல் இருந்த கிரைமர் என்ன, தாமரையில் பிறந்ததா? அது சாக்கடைச் சேறு. பந்துக்குக் கண் வைத்தால் வோல்டார்ப், காந்தத்துக்குக் கண் வைத்தால் மேக்னமைட், ஆறு முட்டையைக் கூட்டி வைத்தால் எக்ஸிக்யூட். மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, கீழே பக்கிங்ஹாம் கால்வாயை ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். கிரைமர் நம்மூர்க்காரன் என்று புரியும். பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் காற்று திரும்பும் நாளில் வேளச்சேரியில் ஜன்னலைத் திறந்து வைத்தவருக்கு ட்ரப்பிஷ் மேல் சிரிப்பு வராது. அந்த மேட்டை ஒட்டி இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. குப்பையும் நாரையும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் ஊர் இது. மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்யட்டும், நாம் ட்ரப்பிஷைத் தத்தெடுத்திருக்க வேண்டும்.

பிளாக்-ஒயிட்தான் இந்தத் தொடரிலேயே சிறந்தது என்பது என் தீர்ப்பு. 156 புதுசு. கதை முடியும் வரை பழைய முகம் ஒன்றுகூடக் கண்ணில் படாது, பிக்காச்சு உட்பட. பொம்மை வியாபாரத்தில் கொழிக்கும் ஒரு கம்பெனி தன் மஞ்சள் எலியை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. மேலும், இவற்றைப் பிடித்து அடைப்பது சரியா என்று ஆட்டத்துக்குள்ளேயே 'என்' (N) என்ற பெயருடைய ஒரு பையன் கேட்கிறான். கேட்டுவிட்டுப் பதில் சரியாகச் சொல்லவில்லைதான். கேட்டதற்கே நான் மார்க் போடுவேன்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. எக்ஸ்ப் ஷேர் எல்லோருக்கும் அனுபவத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது ஆட்டத்தைச் சுலபமாக்கிவிட்டது என்கிறீர்கள். ஆபீஸ் போய், வீட்டுக்கு வந்து, ஈபி பில் கட்டி, அப்புறம் ஆடுபவளுக்கு அது வரப்பிரசாதம். மாறாக, 2016இல் சன்-மூன் வந்தபோது எச்.எம். வித்தைகளை எடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மரம் வெட்ட, பாறை தள்ள, இருட்டில் வெளிச்சம் காட்ட என்று ஒரு வலுவில்லாத போகிமானைக் கூடவே இழுத்துப் போவோமே, கல்யாண வீட்டில் பந்தியில் இலை போட்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டு, போட்டோவில் மட்டும் வராத சித்தப்பா மாதிரி. அவர் இல்லாமல் கல்யாணம் நடக்காது. ஷைனி வேட்டைக்காரர்களுக்கு ஒரே வரி: 8,192இல் ஒன்று என்ற காலத்திலும் சரி, பின்பு 4,096இல் ஒன்று ஆன பிறகும் சரி, அது தி.நகர் புடவைக் கடையில் 'இதே டிசைன்ல வேற கலர் இருக்கா' என்று கேட்பதுதான். எங்கள் அம்மா அந்தக் கேள்வியை நாற்பது வருஷமாகக் கேட்கிறார். அவரை யாரும் சாதனையாளர் என்று சொல்வதில்லை.

இனி போகிமான் கோ. நம்மைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததே அதுதான், நன்றி கெட்டவளாக இருக்க மாட்டேன். 2016 ஜூலையில் வெளிநாட்டில் வந்தபோதே ஏபிகே இறக்கி லஸ் முனையில் போனைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் நாம். தெருமுனைப் பிள்ளையாரெல்லாம் போகிஸ்டாப். ஆட்டத்தில் வழிபாட்டுத் தலத்தில் முட்டை கொடுக்கிறார்கள் என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் அப்போது ஒரு பொதுநல வழக்கே போட்டார்கள். மயிலாப்பூரில் எப்படி யாருக்கும் அது தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு வந்தது 2016 டிசம்பர் 14, ஜியோவோடு கை கோத்து. நாளைக் கவனித்தீர்களா? டிசம்பர் 12 அன்றுதான் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. அடையாறில் தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, தெருக்களில் நடக்க வழியில்லை, கரண்ட் இல்லை, டவர் இல்லை. இந்தியாவையே வெளியே போய் நட என்று சொன்ன ஆட்டம் வந்த நாளில், நாம் மட்டும் கிளைகளைத் தாண்டித் தாண்டிக் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் தெரு முழுக்க வெளியேதான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் பெயரே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ரிமோட் ரெய்டு விஷயத்தில் உங்கள் இரு கட்சியோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, பலர் ஓரிடத்தில் கூடி ஆடும் ரெய்டில் வீட்டிலிருந்தே சேரலாம் என்று பாஸ் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் அதன் விலையை 100 காயினிலிருந்து 195 ஆக்கி, நாளுக்கு ஐந்துதான் என்று கட்டுப்படுத்தினார்கள். ஒரு கட்சி பாய்காட் என்றது. இன்னொரு கட்சி, 'நல்லதுதான், சோம்பேறிகள் வெளியே வரட்டும்' என்றது. கட்டுப்பாடு சரிதான் என்பது என் எண்ணமும். பக்கத்தில் ஆள் இல்லாமல் ஆட முடிகிற ஆட்டத்தில் பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார். ஆனால் 'வெளியே வா' என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் தம்பிகள் ஒன்றை யோசித்ததுண்டா? எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் இருட்டிய பிறகு ஒரு ரெய்டு முளைத்தால், நீங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நானோ, நம் கூட்டத்துக் கல்லூரித் தங்கைகளோ, தனியாகப் போனைப் பார்த்தபடி அங்கே எவ்வளவு நேரம் நிற்க முடியும்? நாங்கள் வராத நாளெல்லாம் சோம்பேறித்தனத்தால் வராத நாள் இல்லை. அதேபோல மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு கம்யூனிட்டி டே என்று பனகல் பூங்காவில் மூன்று மணி நேரம் வெந்துவிட்டு, வராதவரை ரசிகரே இல்லை என்று சொல்வதையும் நிறுத்துங்கள். அக்னி நட்சத்திரத்துக்கு நின்டென்டோ தெரியாது.

மாடியில் ஃபேன் அடியில் படுத்துக்கொண்டு ஜிபிஎஸ்ஸை ஏமாற்றி ஸ்பெயினில் சரகோசாவில் சுற்றிக்கொண்டிருக்கும் மூன்று பேரை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன். டெக்ஸ் நிரம்பிவிட்டதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

போகிமான் கோ ஆட்டத்தில் நூறு மிட்டாய் சேர்த்தால் ஹாண்டர் தானாகவே ஜெங்காராகிவிடுகிறது. யாரும் தேவையில்லை. என்னிடமும் அப்படி ஏழெட்டு ஜெங்கார் இருக்கின்றன; எதற்கும் நான் பெயர் வைக்கவில்லை.

போன மாதம் ரிச்சி தெருவில் ஒரு பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி வாங்கினேன். மேல் மூடியில் கீறல், ஆனால் கீல் கெட்டி. கூடவே ஒரு ஃபயர்ரெட் கேட்ரிட்ஜும் ஒரு லிங்க் கேபிளும். பழைய சேவ் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டது, அதனால் முதலிலிருந்து ஆடி, லாவெண்டர் டவுன் கோபுரம் ஏறி, மறுபடி ஒரு பெரியம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறேன். லெவல் 41.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு, பூங்காவில் செஸ் ஆடுகிறவர்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பேன். யாரிடமாவது ஓடுகிற நிலையில் ஃபயர்ரெட்டோ லீஃப்கிரீனோ, அதைப் போட ஒரு அட்வான்ஸோ எஸ்பியோ இருந்தால் கொண்டு வாருங்கள். கேபிள் என்னிடம் இருக்கிறது, பேட்டரி சார்ஜ் செய்துகொண்டு வரவும். கையில் குறைந்தது இரண்டு போகிமான் இருந்தால்தான் பரிமாற்ற அறைக்குள் விடுவார்கள், ஞாபகம் இருக்கட்டும். பெரியம்மாவைத் தருகிறேன். பதிலுக்கு ஒரு மேஜிகார்ப் கொடுத்தாலும் போதும். ஜெங்கார் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
(ஆன்ட்டி என்று கூப்பிடும் இருவரில் ஒருவரிடம் லீஃப்கிரீன் இருந்தால், பழைய கணக்கை அழித்துவிடுகிறேன்.)